குடியரசு தினக் காலையில் பழ மஃபின்

தில்லியில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களுக்கு ஜனவரி மாதம் ஒரு சோதனைக் காலம். குளிரைச் சொல்லவில்லை. குளிருக்கு ரஜாய் இருக்கிறது, ஸ்வெட்டர் இருக்கிறது, வெயில் வந்தால் மொட்டை மாடி இருக்கிறது. சோதனை இட்லி மாவுக்குத்தான். முதல் நாள் மாலை அரைத்து வைத்த மாவு, மறுநாள் காலையில் மூடியைத் திறந்தால் வைத்த மட்டத்திலேயே, ஒரு விரற்கடைகூட எழும்பாமல் உட்கார்ந்திருக்கும். மாவுப் பாத்திரத்தை ரஜாய்க்குள் சுற்றி வைத்தவர்கள் உண்டு. இரவு முழுவதும் இளஞ்சூட்டில் இருக்கும் வோல்டேஜ் ஸ்டெபிலைசரின் தலைமேல் ஏற்றி வைத்தவர்களும் உண்டு. எங்கள் வீட்டில் ஒரு வருஷம் மாவுக்குத் துணையாக வெந்நீர்ப் பையையும் வைத்துக் கம்பளி போர்த்தினோம். காலையில் பை சில்லிட்டிருந்தது, மாவும் அப்படியே.

காரணம் எளிது. இட்லி மாவைப் பொங்க வைப்பவை கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள். உளுந்திலும் அரிசியிலும் இயற்கையாகவே இருக்கும் அவை மாவில் உள்ள சர்க்கரையைத் தின்று கரியமில வாயுவை வெளியிடுகின்றன. நம் ஊர் வெப்பம் அவற்றுக்கு ஏற்றது. தில்லியில் ஜனவரி இரவு ஏழெட்டு டிகிரிக்கு இறங்கும்போது அவை சாவதில்லை, சுருண்டு படுத்துக்கொள்கின்றன. நாமும் அப்படித்தானே செய்கிறோம்!

இந்த மாதத்தில்தான் குடியரசு தினம் வருகிறது. ஆபீஸ் இல்லை, பள்ளிக்கூடம் இல்லை, வீட்டில் எல்லோரும் இருப்பார்கள். டெலிவிஷனில் அணிவகுப்பு. இட்லி கைவிட்ட வீட்டில் அன்றைக்கு என்ன டிபன்? பல வருஷங்கள் நான் கோதுமை தோசையோ பூரியோ செய்தேன். இரண்டிலும் ஒரு சங்கடம். சாப்பிடுகிறவர்கள் வரிசையாகச் சாப்பிடலாம். செய்கிறவள் அடுப்படியை விட்டு நகர முடியாது. கடைசி ஆளுக்குக் கடைசிப் பூரி போட்டுவிட்டு நான் ஹாலுக்கு வரும்போது, பெரும்பாலும் விமானங்கள் பறந்து முடித்திருக்கும். ஒரு வருஷம் என் பெண், அப்போது அவளுக்கு ஏழு வயது, "அம்மா, நீ ஒட்டகப் படையைப் பார்த்ததே இல்லை, இல்லையா?" என்று கேட்டாள். குறையாகச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் கேட்டாள். யோசித்துப் பார்த்தேன். தில்லியில் பன்னிரண்டு வருஷம் குடியிருந்தும் எல்லைப் பாதுகாப்புப் படையின் ஒட்டகங்கள் பாண்டு வாசித்துக்கொண்டு போவதை நான் ஒரு தடவைகூடப் பார்த்திருக்கவில்லை. அடுப்படியிலிருந்து சத்தம் மட்டும் கேட்டிருக்கிறேன்.

மஃபின் எங்கள் வீட்டுக்குள் வந்தது அப்படித்தான். கேக் செய்யத் தெரிந்த அண்டை வீட்டுப் பஞ்சாபி அம்மாள் சொல்லிக்கொடுத்தார். அவர் போடுவது முட்டை மஃபின். என் மாமியாருக்காக நான் அதைத் தயிர் மஃபினாக மாற்றிக்கொண்டேன்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். இங்கிலாந்தில் மஃபின் என்றால் ஈஸ்ட் போட்டுப் புளிக்க வைத்து, தோசைக்கல் போன்ற தட்டையான கல்லில் சுட்டெடுக்கும் ரொட்டி. நாம் இங்கே பேசுவது அமெரிக்க மஃபின்: கிண்ணங்களில் ஊற்றி அவனில் வேகவைப்பது. அந்த நாட்டில் கிறிஸ்துமஸ் போன்ற விடுமுறை நாள்களின் காலை உணவில் இதற்கு நிச்சயம் இடமுண்டு. பார்ப்பதற்குக் குட்டிக் கேக் போல இருந்தாலும் செய்முறை வேறு. கேக்குக்கு வெண்ணெயையும் சர்க்கரையையும் கை வலிக்க அடித்துக் காற்றேற்ற வேண்டும். மஃபினுக்கு அந்தப் பாடு இல்லை. உலர்ந்த பொருள்கள் ஒரு பாத்திரத்தில், ஈரப் பொருள்கள் இன்னொரு பாத்திரத்தில். இரண்டையும் சேர்த்து ஒரு கலக்கு, உடனே அவன். விடுமுறைக் காலைக்கு இது பொருந்துவதற்குக் காரணமே இந்தச் சுருக்கம்தான்.

குளிர் இதை ஒன்றும் செய்யாது என்பதே தில்லிவாசிகளுக்கு முக்கியமான செய்தி. மஃபினை எழுப்புவது நுண்ணுயிர் அல்ல, ரசாயனம். சமையல் சோடா காரப் பொருள், தயிர் புளிப்பு. இரண்டும் சேர்ந்தவுடன் கரியமில வாயு நுரைத்து வரும். சோடாவோடு உலர்ந்த புளிப்பு உப்பு ஒன்றையும், ஈரத்தை உறிஞ்சக் கொஞ்சம் மாவுப்பொருளையும் சேர்த்து வைத்திருப்பதுதான் பேக்கிங் பவுடர். ஈரம் பட்டதும் கொஞ்சம், அவனின் சூடு பட்டதும் மீதி என்று இரண்டு தவணையாக வேலை செய்யும் வகையே இப்போது பரவலாகக் கிடைக்கிறது. இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் மருந்துக் கடை வைத்திருந்த ஆல்பிரட் பேர்ட் என்பவர் 1843இல் பேக்கிங் பவுடர் ஒன்றைத் தயாரித்தார். அவர் மனைவிக்கு ஈஸ்ட் ஒத்துக்கொள்ளாது. அவர் சாப்பிடக்கூடிய ரொட்டி செய்யத்தான் இந்த முயற்சி. முட்டையும் அந்த அம்மாளுக்கு ஆகாதாம். அதற்காக முட்டையில்லாத கஸ்டர்ட் பவுடரை அதற்கும் முன்பே செய்து கொடுத்திருக்கிறார். மனைவியின் டிபனைப் பற்றி இவ்வளவு கவலைப்பட்ட கணவரை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை. எங்கள் வீட்டில் இதைச் சத்தமாக வாசித்துக் காட்டியபோது பேப்பர் கீழே இறங்கவே இல்லை.

சோடாவும் பேக்கிங் பவுடரும் ஒன்றல்ல என்பதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். முதல் தடவை பேக்கிங் பவுடர் தீர்ந்திருந்தது. ஒன்றரை ஸ்பூன் பவுடருக்குப் பதிலாக ஒன்றரை ஸ்பூன் ஆப்ப சோடாவையே போட்டுவிட்டேன். மஃபின் கருஞ்சிவப்பாக வந்தது, வாயில் வைத்தால் சோப்பு. தயிரின் புளிப்பால் ஈடுகட்ட முடியாமல் மிஞ்சிய சோடா அந்தச் சுவையைத்தான் தரும். ஒரு கப் தயிருக்கு அரை டீஸ்பூன் சோடா போதும், அதற்கு மேல் வேண்டாம். இன்னொன்று, போன டிசம்பரில் வாங்கித் திறந்த டப்பா மழைக்காலத்தைத் தாண்டியிருந்தால் அதை நம்பாதீர்கள். கால் டம்ளர் வெந்நீரில் அரை ஸ்பூன் பேக்கிங் பவுடரைப் போட்டால் சுறுசுறுவென்று பொங்க வேண்டும். சோம்பலாக நாலு குமிழி விட்டால் குப்பையில் போட்டுவிடுங்கள்.

இனிப் பழம். தில்லி ஜனவரியில் தள்ளுவண்டி கொள்ளாமல் குவிந்திருப்பது கின்னோ. பார்க்க ஆரஞ்சு போலிருக்கும், ஆனால் தோல் ஒட்டிக்கொண்டிருக்கும், விதை அதிகம், சாறு ஏராளம். பஞ்சாபின் அபோகர் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வருவதால் பஞ்சாபிப் பழம் என்றே நினைத்திருந்தேன். உண்மையில் அது பிறந்தது கலிபோர்னியாவின் ரிவர்சைட் ஆராய்ச்சி நிலையத்தில். ஃப்ராஸ்ட் என்ற விஞ்ஞானி இரண்டு வகை ஆரஞ்சுகளை ஒட்டுச் சேர்க்கை செய்து உண்டாக்க, 1935இல் வெளிவந்தது. ஹிமாசலத்து ஆப்பிளின் கதையும் அதுவே. சிம்லாவுக்கு அப்பால் கோட்கட் என்ற மலைக் கிராமத்தில் குடியேறிய சாமுவேல் ஸ்டோக்ஸ் என்ற அமெரிக்கர், பின்னாளில் சத்யானந்த ஸ்டோக்ஸ் ஆனவர், தம் தேசத்து டெலிஷஸ் வகைக் கன்றுகளை அங்கே நட்டுப் பரப்பினார். ஆகவே நம் மஃபினில் விழும் இரண்டு பழங்களுமே வேற்றூரில் வேர்விட்டு நன்றாகப் பிழைத்தவை. நம்மைப் போலத்தான்.

கின்னோவில் ஒரு குணக்கேடு உண்டு. பிழிந்தவுடன் தேனாக இருக்கும் சாறு, சில மணி நேரம் கழிந்தால் கசக்கத் தொடங்கும். விதை நசுங்கியிருந்தால் கசப்பு இன்னும் அதிகம். ஆகவே சாற்றைக் காலையில்தான் பிழிய வேண்டும். மிக்ஸியில் விதையோடு அரைக்கக் கூடாது. சுளைகளை அப்படியே மாவில் போடுவதும் சரிப்படாது. வேகும்போது நீர் விட்டுச் சுற்றிலும் களியாக்கிவிடும். சாறும், துருவிய மேல்தோலும் போதும். தோலைத் துருவும்போது மஞ்சள் பகுதியோடு நிறுத்திக்கொள்ளுங்கள், கீழேயுள்ள வெள்ளைப் பகுதி கசப்பு. கடித்துச் சாப்பிடத் துண்டு வேண்டுமென்றால் அதற்கு ஆப்பிள் இருக்கிறது, கிஸ்மிஸ் இருக்கிறது.

கொய்யா வாசனையாக இருக்கும், ஆனால் வெந்த பிறகு விதை பல்லில் கல்லாகத் தட்டுப்படும். அன்னாசியையும் பப்பாளியையும் பச்சையாகத் தயிரோடு சேர்க்காதீர்கள். அவற்றிலுள்ள ஒரு சத்து பாலின் புரதத்தை உடைத்துக் கசக்க வைக்கும். அன்னாசி போட்டே ஆகவேண்டுமென்றால் சிறிது சர்க்கரையோடு வதக்கி, ஆறவிட்டுப் போடலாம். வாழைப்பழம் எப்போதும் கைகொடுக்கும். தோல் கறுத்து யாரும் தொடாமல் கிடக்கும் இரண்டு பழத்தை மசித்துச் சேர்த்து, தயிரைப் பாதியாகவும் சோடாவைக் கால் டீஸ்பூனாகவும் குறைத்துக்கொள்ள வேண்டியது.

தேவையானவை (பன்னிரண்டு மஃபினுக்கு): மைதா ஒன்றேகால் கப், சப்பாத்தி மாவு முக்கால் கப், சர்க்கரை முக்கால் கப்புக்குச் சற்றுக் குறைவாக, பேக்கிங் பவுடர் ஒன்றரை டீஸ்பூன், சமையல் சோடா அரை டீஸ்பூன், உப்பு கால் டீஸ்பூன், ஏலப்பொடி அல்லது பட்டைப்பொடி ஒரு சிட்டிகை; அதிகம் புளிக்காத கெட்டித் தயிர் ஒரு கப், வாசனையில்லாத எண்ணெய் கப்பில் மூன்றில் ஒரு பங்கு, கின்னோச் சாறு கால் கப், இரண்டு கின்னோவின் தோல் துருவல், நடுத்தர ஆப்பிள் ஒன்று, கிஸ்மிஸ் ஒரு கைப்பிடி. கப் என்றால் 240 மில்லி பிடிக்கும் கப். முட்டை சேர்ப்பவர்கள் தயிரை அரைக் கப்பாகவும் சோடாவைக் கால் டீஸ்பூனாகவும் குறைத்து இரண்டு முட்டை அடித்து ஊற்றலாம். வெண்ணெய்க்குப் பதில் எண்ணெய் சொல்வதும் குளிரை உத்தேசித்துத்தான். உருக்கிய வெண்ணெய் ஜில்லென்ற தயிரில் பட்டதும் மறுபடி கட்டியாகிவிடும். தேங்காயெண்ணெயைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், அது பாட்டிலிலேயே கல்லாகியிருக்கும்.

பாதி வேலையை 25ஆம் தேதி இரவே முடித்துவிட வேண்டும். தோல் துருவலைச் சர்க்கரையில் போட்டு விரலால் நன்றாகக் கசக்குங்கள். சர்க்கரை ஈரித்து, அடுப்படியெல்லாம் மணக்கும். அதிலேயே மாவுகள், பேக்கிங் பவுடர், சோடா, உப்பு, ஏலப்பொடி எல்லாவற்றையும் இரண்டு முறை சலித்துச் சேர்த்து மூடி வையுங்கள். கிண்ணங்களுக்கு எண்ணெய் தடவி அடுக்கிவிடலாம். ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் காகிதக் கிண்ணங்கள் கிடைக்கின்றன. இல்லாவிட்டால் சட்னிக்கு வைக்கும் சின்ன எவர்சில்வர் கிண்ணங்களே போதும். "எல்லாவற்றையும் இரவே கலந்து வைத்தால் காலையில் இன்னும் சுலபமாயிற்றே" என்று தோன்றும். கூடாது. ஈரம் பட்ட நிமிஷமே சோடா வேலையைத் தொடங்கிவிடும். இட்லி மாவு காத்திருந்தால் பொங்கும். மஃபின் மாவு காத்திருந்தால் வாயுவை இழந்து அடங்கிப்போகும். நம் கை இட்லி மாவுக்குப் பழகியது என்பதால் இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன்.

காலையில் முதல் வேலை அவனை 190 டிகிரிக்கு வைத்துச் சூடேற்றுவது. கால் மணி நேரமாவது சூடேறட்டும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த தயிரானால் பாத்திரத்தை வெதுவெதுப்பான நீரில் சற்று நேரம் நிறுத்தி, குளிர் விட்டதும் கடைந்து, எண்ணெயும் அப்போது பிழிந்த கின்னோச் சாறும் சேருங்கள். ஆப்பிளைக் கடலைப் பருப்பைவிடச் சற்றுப் பெரிதாக நறுக்கி, கிஸ்மிஸோடு சேர்த்து, உலர்ந்த மாவில் பிரட்டிவிடுங்கள். பெரிய துண்டுகள் அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும்.

இப்போது மாவின் நடுவே குழி செய்து தயிர்க் கலவையை ஊற்றி, கரண்டியால் அடியிலிருந்து மேலாகப் பத்துப் பன்னிரண்டு தடவை புரட்டுங்கள். மாவு ஈரமானதும் கரண்டியைக் கீழே வையுங்கள். கட்டி தட்டியிருக்கும். இருக்கட்டும். நமக்கு இதுதான் கஷ்டம். ரவை உப்புமாவில் ஒரு கட்டி இருந்தால் ஒரு வாரம் சொல்லிக் காட்டும் குடும்பங்களில் வளர்ந்தவர்கள் நாம். கட்டியைப் பார்த்ததும் கை தானாகக் கரைக்கப் போகும். போனால் மஃபின் கெட்டது. கோதுமையில் உள்ள பசைப்புரதம் ஈரம் பட்டு அடிபட அடிபட இழையிழையாக இறுகும். சப்பாத்திக்கு அது வேண்டும், மஃபினுக்கு வேண்டாம். அதிகம் கலந்த மஃபினைப் பிட்டுப் பார்த்தால் உள்ளே புழு துளைத்த மாதிரி நீளமான ஓட்டைகள் இருக்கும், தலை கூர்ந்திருக்கும், மெல்லும்போது ரப்பராக இழுக்கும். சரியாகக் கலந்ததற்குத் தலை உருண்டு வெடித்திருக்கும். மாவு வடை மாவைவிடத் தளர்வாகவும் இட்லி மாவைவிடக் கெட்டியாகவும், கரண்டியிலிருந்து தொப்பென்று விழ வேண்டும். தயிர் ரொம்பக் கெட்டியாயிருந்தால் இரண்டு ஸ்பூன் பால் விட்டுக்கொள்ளலாம்.

கிண்ணங்களில் முக்காலளவு நிரப்பி உடனே அவனுக்குள் வைத்துவிடுங்கள். பதினெட்டிலிருந்து இருபத்திரண்டு நிமிஷம் ஆகும். முதல் பதினைந்து நிமிஷம் கதவைத் திறக்கவே கூடாது. குளிர் காற்று உள்ளே போனால் எழும்பிய தலை குழிந்துவிடும். பல்குத்தும் குச்சியைக் குத்தி எடுத்தால் ஈரமாவு ஒட்டக்கூடாது.

அவன் இல்லாதவர்கள் பழைய கனத்த இரும்பு வாணலியில் ஒரு விரல் உயரத்துக்குக் கல் உப்பைப் பரப்பி, மேலே ஒரு வளையத்தை வைத்து, இறுக்கமான தட்டால் மூடிப் பத்து நிமிஷம் சூடாக்கி, பிறகு கிண்ணங்களை ஒரு தட்டில் அடுக்கி உள்ளே வைக்கலாம். மிதமான தீயில் அரை மணி நேரம் ஆகும், மேலே சிவக்காது, ருசியில் குறைவில்லை. பழைய வட்ட அலுமினிய அவனைப் பரணில் வைத்திருப்பவர்கள் தாராளமாக அதை இறக்கலாம். அதில் வெப்பத்தை நிறுத்தும் கருவி கிடையாது என்பதால் பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொள்ள வேண்டும். சாதாரண மைக்ரோவேவ் வேண்டாம். வேகும், ஆனால் சிவக்காது, ஆறினதும் கட்டையாகிவிடும்.

வெந்த மஃபினை ஐந்து நிமிஷம் ஆறவிட்டுக் கிண்ணத்திலிருந்து எடுத்துவிடுங்கள். அதிலேயே விட்டால் ஆவி அடங்கி அடி ஈரமாகும்.

முதல் தடவை தட்டில் வைத்துக் கொடுத்தபோது என் மாமியார் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏம்மா, இது டிபனா, பட்சணமா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. காலையில் வெறும் இனிப்பு நம் நாக்குக்கு ஒட்டாது. அதனால் கூடவே பச்சைப் பட்டாணிச் சுண்டல் செய்தேன். தில்லியில் ஜனவரியில் பட்டாணி மலிவு, ருசியும் சொல்லி முடியாது. முதல் நாளே உரித்து வைத்தால் காலையில் தாளிக்க ஐந்து நிமிஷம்தான். இனிப்பு ஒரு வாய், காரம் ஒரு வாய், நடுவில் ஃபில்டர் காப்பி. அத்தை இரண்டு மஃபின் சாப்பிட்டார். என் மகன் ஒரு மஃபினைப் பிளந்து உள்ளே மிளகாய்ப்பொடி தடவிக்கொண்டான். அதை நான் சிபாரிசு செய்யவில்லை.

அன்று ஒட்டகங்கள் வந்தபோது நான் ஹாலில், ரஜாயின் ஒரு முனையைக் காலில் போட்டுக்கொண்டு, காப்பி டம்ளரோடு உட்கார்ந்திருந்தேன். ஒட்டகங்கள் எவ்வளவு அலங்காரத்தோடு வருகின்றன! மேலே உட்கார்ந்திருப்பவர்களின் மீசையும் அப்படித்தான். என் பெண் டெலிவிஷனைப் பார்க்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஒட்டகத்தைப் பார்டி" என்று அவள் தலையைத் திருப்பிவிட்டேன்.

மிஞ்சிய மஃபின்களை நன்றாக ஆறிய பிறகு டப்பாவில் மூடி வைத்தால் தில்லிக் குளிரில் வெளியிலேயே இரண்டு நாள் தாங்கும். ஃபிரிட்ஜில் வைத்தால் வறண்டு உதிரும். மறுநாள் பள்ளிக்கூட டிபனுக்குக் கொடுப்பதானால் குறுக்கே இரண்டாக வெட்டி, தோசைக்கல்லில் துளி நெய் தடவி, வெட்டிய பக்கம் கீழே இருக்கும்படி ஒரு நிமிஷம் வைத்து எடுங்கள். மொறுமொறுவென்று, முதல் நாளைவிட நன்றாகவே இருக்கும்.